தவளைக்காலும் கடல்நாய்த் தோலும்

மழை பெய்யாவிட்டால் தவளைக்குக் கலியாணம் செய்து வைக்கிற தேசம் இது. ஆண் தவளை ஒன்றும் பெண் தவளை ஒன்றும் பிடித்து வந்து, மஞ்சள் பூசி, மாலை போட்டு, தாலி கட்டி, மேளம் கொட்டி, வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுச் சாப்பாடும் போட்டு, வருண பகவானுக்கு மனுக் கொடுப்பார்கள். இதனால் ஒரு சொட்டு மழையாவது வந்ததா என்று கேட்டால் நம்மை நாத்திகன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நாம் இன்று கேட்கப்போவது அதுவல்ல. இப்படி மாலை மரியாதையெல்லாம் செய்து தெய்வத்துக்குத் தூது அனுப்பிய அதே தவளையை உயிரோடு பிடித்து, இடுப்புக்குக் கீழே அறுத்து, பின்னங்கால் இரண்டை மாத்திரம் பனிக்கட்டியில் வைத்து, மற்ற உடம்பைக் குப்பையில் எறிந்துவிட்டு, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் முப்பது வருஷ காலம் கப்பலேற்றிய தேசமும் இதுதான். அந்த வியாபாரத்தை முதுகில் தட்டிக்கொடுத்து வளர்த்தது நம்முடைய சர்க்காரேயாகும்.

1950-களில் ஆரம்பித்த இந்த வியாபாரம் கொச்சி, கல்கத்தா, பம்பாய் துறைமுகங்கள் வழியாக ஏறிக்கொண்டே போய், 1981-ம் வருஷத்தில் மாத்திரம் 4,000 டன்னுக்கு மேல் தவளைக்கால் வெளியே போயிற்று. 4,000 டன் என்றால் 40 லட்சம் கிலோ. ஒரு கிலோ கால் சேர பத்துத் தவளைக்குக் குறையாமல் வேண்டும். மீதிக் கணக்கைத் தோழர்களே போட்டுக்கொள்ளலாம். கோடியில்தான் வந்து நிற்கும்.

சர்க்கார் இதில் என்ன செய்தது? 1972-ல் பார்லிமெண்டில் சட்டம் போட்டு, கொச்சியைத் தலைமையிடமாக வைத்து, கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் என்று ஒன்றை ஏற்படுத்திற்று. ஏற்றுமதி செய்கிறவர்களைப் பதிவு செய்வதும், வெளிநாட்டில் சந்தை தேடிக்கொடுப்பதும், வியாபாரத்தைப் பெருக்குவதும் அதன் வேலை. இறாலுக்கும் மீனுக்கும் அது இருப்பதில் நமக்குத் தகராறு கிடையாது. ஆனால் வயலிலே கத்துகிற தவளை எந்தக் கடலில் பிறந்தது? வியாபாரிக்கு வேண்டுமென்றால் வயல் தவளையும் கடல் பொருளாகிவிடும். உபநயனம் செய்துவிட்டால் ஒரு பையன் இரண்டாம் தடவை பிறந்துவிட்டான் என்று எழுதுகிற தேசத்தில் இதொன்றும் ஆச்சரியமல்ல.

ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்குச் சர்க்கார் சொன்ன ஒரே மந்திரம் ‘அந்நியச் செலாவணி’. நம் ஜனங்களுக்கு மந்திரம் என்றால் அர்த்தம் கேட்கிற வழக்கம் கிடையாதல்லவா? ஐயர் சொன்னால் சமஸ்கிருதம், உத்தியோகஸ்தர் சொன்னால் செலாவணி. இரண்டுக்கும் தலையாட்டுவது ஒன்றுதான். ஆனால் இந்த மந்திரத்தைப் பகுத்தறிவு கொண்டு பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் நெல் வைக்கிற எந்தக் குடியானவனைக் கேட்டாலும் சொல்லுவான். நாற்று பச்சைபிடிக்கிற காலத்தில் வயலில் தவளை கத்துவது என்பது காவற்காரன் குரல் கொடுப்பது போல. குருத்துப்பூச்சியையும் தத்துப்பூச்சியையும் புழுவையும் இராத்திரி முழுக்கத் தின்று தீர்க்கிற சம்பளமில்லாத ஆள் அது. அந்த ஆளைக் காலை வெட்டி அனுப்பிவிட்டால் பூச்சி என்ன ஆகும்? பெருகும். பூச்சி பெருகினால் என்ன செய்ய வேண்டும்? பூச்சிமருந்து வாங்கி அடிக்க வேண்டும். பூச்சிமருந்தும், அதைச் செய்கிற சரக்கும் எங்கிருந்து வந்தன? அதில் ஒரு பகுதி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதாவது வெளிநாட்டானுக்குத் தவளையை விற்றுப் பணம் வாங்கி, அதே வெளிநாட்டானிடம் விஷத்தை வாங்கி, தவளை இல்லாத வயலில் தெளித்தோம். இதற்குப் பெயர் செலாவணி சம்பாதித்தல்! வீட்டு நாயை விற்றுவிட்டு, அந்தக் காசில் திருடனுக்குப் பூட்டு வாங்குகிறவனைக் கூட நாம் புத்திசாலி என்று சொல்லமாட்டோம்.

இதில் லாபம் யாருக்குப் போயிற்று என்பதையும் பார்க்கவேண்டும். ஐப்பசி அடைமழை இருட்டில் அரிக்கன் விளக்கையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு, பாம்பு எங்கே கிடக்கிறதோ என்று பயந்து வரப்பில் நடந்தவன் நிலமில்லாத கூலி. அவனுக்குக் கிடைத்தது தலைக்கு இத்தனை என்று சொற்பக் காசு. குளிர்சாதனக் கிடங்கும் கப்பல் கூலியும் லைசென்சும் வைத்திருந்தவன் வேறு. லாபம் அவனுக்கு. பூச்சிமருந்துக் கடன் குடியானவனுக்கு. இப்படி லாபத்துக்கு ஒருவனும் நஷ்டத்துக்கு வேறொருவனுமாக அமைந்த ஒரு தொழிலுக்கு, பட்டவன் கொடுத்த வரிப்பணத்திலிருந்தே சர்க்கார் ஸ்தாபனம் வைத்துச் சந்தை தேடிக் கொடுத்தது.

பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த ஹுமாயூன் அப்துலாலி என்பவர் இந்தத் தவளைக்கால் ஏற்றுமதியின் யோக்கியதையைக் கணக்கோடு எடுத்துக்காட்டி எழுதினார். 1985-ல் நம் பெருந்தவளை இனங்கள் சர்வதேச வியாபார ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறின. கடைசியாக 1987-ல் இந்திய சர்க்கார் ஏற்றுமதியை முழுக்க நிறுத்திற்று. நிறுத்தியபோது ஆகாயம் இடிந்து விழவில்லை. தேசம் திவாலாகவும் இல்லை. நேற்றுவரை ‘இது இல்லாவிட்டால் ஏழை பிழைக்கமாட்டான்’ என்று சொன்னவர்கள் மறுநாள் வேறு சரக்குக்குப் போய்விட்டார்கள். ஏழையைப் பற்றி அப்புறம் அவர்கள் வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

தின்றவர்கள் யோக்கியதையையும் கொஞ்சம் பார்ப்போம். பிரான்சு தேசத்தார் தவளைக்காலுக்குப் பேர் போனவர்கள். அவர்கள் தங்கள் நாட்டுத் தவளை அருகிப் போனதைக் கண்டவுடன், 1980 வாக்கில் அதை வியாபாரத்துக்குப் பிடிக்கக்கூடாது என்று கட்டுப்படுத்திக்கொண்டார்கள். நாக்கை மாத்திரம் கட்டுப்படுத்தவில்லை. தன் தவளைக்குச் சட்டம், அயலான் தவளைக்குக் கத்தி! நாம் நிறுத்தியதும் வங்கதேசத்துக்குப் போனார்கள், அவர்களும் நிறுத்தினார்கள், பிறகு இந்தோனேசியா. 2010 முதல் 2019 வரையுள்ள பத்து வருஷத்தில் ஐரோப்பிய யூனியன் நாடுகள் 4 கோடி கிலோவுக்கு மேல் தவளைக்கால் இறக்குமதி செய்திருக்கின்றன.

நிற்க.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ‘சுயமரியாதைக்காரனும் கடைசியில் ஜீவகாருண்யத்துக்கு வந்துவிட்டான் பார்’ என்று சில வைதீகர்கள் சந்தோஷப்படக்கூடும். அவர்களுக்கு அந்தச் சந்தோஷம் வேண்டாம். ஆடு தின்கிறவனும் மாடு தின்கிறவனும் நம்மோடு பந்தியில் உட்காரலாம், நாமும் உட்காருவோம். ஒருவன் தின்கிற சோற்றை வைத்து அவனைத் தீண்டத்தகாதவன் என்று தெருவை விட்டு ஒதுக்கி வைத்த கூட்டம் பேசுகிற ஜீவகாருண்யம், மனித ஜீவனைக் கணக்கில் சேர்க்காத ஜீவகாருண்யம். யாகத்தில் குதிரையைக் கொன்றதைப் புண்ணியம் என்று எழுதி வைத்துக்கொண்டு, சேரியில் செத்த மாட்டைத் தின்றவனைப் பாவி என்றவர்களின் தராசு நமக்குத் தேவையில்லை. பசிக்குக் கொல்லுகிறவனை நாம் கேள்வி கேட்கவில்லை. வாங்குவார் இல்லாத ஒரு கொலை வியாபாரத்தைப் பொதுப்பணத்தைக் கொட்டிச் சர்க்கார் ஏன் உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் நம் கேள்வி. இதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. கணக்குத்தான் இருக்கிறது, கணக்கோடு கொஞ்சம் மனிதத்தன்மையும்.

1987-ல் ஒழிந்துபோன தவளை வியாபாரத்தைப் பற்றி இப்போது எதற்கு இவ்வளவு என்று கேட்கலாம். வியாபாரம் ஒழிந்ததே தவிர, அதைத் தாங்கி நின்ற வாதம் ஒழியவில்லை. அது இப்போதும் நாகரிகத்தில் முதல் வரிசை என்று சொல்லிக்கொள்ளுகிற கனடா தேசத்தில் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

சீல் என்று ஒரு கடல் மிருகம். நம்மவர்கள் கடல்நாய் என்பார்கள். குளிர்காலம் முடிகிற சமயத்தில் பனிக்கட்டியின் மேல் ஏறி வந்து குட்டி போடும். தாய் ஏறக்குறைய பன்னிரண்டு நாள் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பிறந்த குட்டிக்குப் பஞ்சுபோல் வெள்ளை மயிர். நம் வருசநாட்டு இலவங்காய் வெடித்தால் எப்படியிருக்கும், அப்படி. சில வாரத்தில் அது உதிர்ந்து சாம்பல் நிறத் தோல் வரும். அந்தத் தோலுக்காகத் தடியாலும், கொக்கி வைத்த கோலாலும், துப்பாக்கியாலும் கொல்லுகிறார்கள். வெள்ளை மயிர்க் குட்டியை வியாபாரத்துக்குக் கொல்லக்கூடாது என்று 1987-ல் கனடா உத்தரவு போட்டது. (அதே 1987-தான், நம் தவளைக்கு விடுதலை கிடைத்த வருஷம்.) ஆனால் மயிர் உதிர்ந்த மறுநாள் கொல்லலாம். வயது வித்தியாசம் வாரக் கணக்கு. கொல்லப்படுகிறவற்றில் பெரும்பாலானவை மூன்று மாதம் நிரம்பாத குட்டிகளே.

இதற்குச் சந்தை இருக்கிறதா? அமெரிக்கா 1972-லேயே கதவைச் சாத்திவிட்டது. ஐரோப்பிய நாடுகள் 1983-ல் வெள்ளைக்குட்டித் தோலையும், 2009-ல் வியாபார வேட்டையில் வந்த எல்லாச் சீல் சரக்கையும் தடுத்தன. கனடாவும் நார்வேயும் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்குப் போட்டன. சட்டத்தை அமல் நடத்துகிற முறையில் சில குற்றங்கள் சொன்னாலும், ஜனங்களின் ஒழுக்க உணர்ச்சிக்காக இப்படித் தடுப்பது செல்லும் என்று 2014-ல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பாயிற்று. ருஷியா 2011-ல் இந்தத் தோலைத் தடுத்துவிட்டது. 2004-ம் வருஷத்தில் 3,60,000-க்கு மேல் கொன்றவர்கள், 2011-ல் நான்கு லட்சம் கொல்லலாம் என்று சர்க்கார் அனுமதி கொடுத்தும் ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான் கொன்றார்கள். இரக்கம் வந்து அல்ல. வாங்குவதற்கு ஆள் இல்லை.

ஒரு கடையில் சரக்கு விற்கவில்லையானால் கடைக்காரன் என்ன செய்வான்? கடையை மூடுவான், அல்லது வேறு சரக்கு வைப்பான். கண்டமனூர்ச் சந்தையில் கீரை விற்கிற கிழவிக்குத் தெரிந்த இந்த வியாபார தர்மம் கனடா மந்திரிகளுக்குத் தெரியவில்லை. 2012-ல் நியூபவுண்ட்லாந்து மாகாண சர்க்கார், காரினோ என்கிற தோல் கம்பெனிக்கு, தோலை வாங்கிக் கிடங்கில் அடுக்குவதற்காக 36 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. அந்தக் கம்பெனியின் சொந்தக்காரர் யார்? நார்வே தேசத்து ஒரு பெரிய கம்பெனி. பேர் மீனவனுக்கு, பணம் கடல் தாண்டியவனுக்கு! பிறகு 2015-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் கனடா மத்திய சர்க்கார், சீல் சரக்குக்கு அத்தாட்சி கொடுக்கவும் சந்தை தேடவும் என்று ஐந்து வருஷத்துக்கு 57 லட்சம் டாலர் ஒதுக்கிற்று. அதற்கு முன்பு 1990-களில் சீல் இறைச்சிக்கு எடை போட்டு மானியம் கொடுத்துப் பார்த்தார்கள். தின்ன ஆள் வரவில்லை.

மானியம் என்கிற சொல் நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. கோயில் மானியம், குருக்கள் மானியம், மடத்து மானியம் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள்தான் நாம். உழுகிறவன் வரி கொடுப்பான், உழாதவன் மானியம் தின்பான். ஏன் என்று கேட்டால், கோயில் இல்லாவிட்டால் ஊருக்கு ஆகாது என்பார்கள். கனடாவின் மானியமும் இந்த ஜாதியில் சேர்ந்ததுதான். இதற்கு மூன்று சமாதானம் சொல்லுகிறார்கள்.

முதலாவது, பழக்கம். முந்நூறு வருஷமாக எங்கள் பாட்டன் பூட்டன் செய்த தொழில் என்கிறார்கள். பாட்டன் செய்தான் என்றால் அது எப்படி நியாயமாகும் என்று நாம் இந்தப் பத்திரிகையில் ஆயிரம் தடவை கேட்டாயிற்று. உடன்கட்டை ஏற்றியதும் பாட்டன்தான், பொட்டுக் கட்டியதும் பாட்டன்தான். சரி, அந்தப் பாட்டனையாவது இவர்கள் மரியாதையாக நடத்தினார்களா? 1914-ல் ‘நியூபவுண்ட்லாந்து’ என்ற சீல் வேட்டைக் கப்பலிலிருந்து இறங்கிய 132 பேர், பனிப்புயலில் இரண்டு இராத்திரி கட்டாந்தரையான ஐஸின் மேல் கிடந்தார்கள். 78 பேர் விறைத்துச் செத்தார்கள். கப்பலில் கம்பியில்லாத் தந்திக் கருவி இருந்திருந்தால் ஆட்கள் எங்கே என்று மற்றக் கப்பலுக்குக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். கருவி முன்பு இருந்தது. அதனால் லாபமில்லை என்று முதலாளி கழற்றி எடுத்துவிட்டான். இதுதான் அந்தப் பரம்பரைத் தொழிலின் பெருமை. ஐஸில் செத்தவனுடைய பேரன் பேரைச் சொல்லி, கருவியைக் கழற்றிய வர்க்கம் இன்று மானியம் கேட்கிறது.

இரண்டாவது, ‘இன்யூட் என்கிற பழங்குடிகள் சீலை நம்பித்தான் பிழைக்கிறார்கள்’ என்பது. வாஸ்தவம். வடதுருவத்துப் பக்கம் நெல் விளையாது, காய்கறி விளையாது. அந்த ஜனங்கள் சீலைத் தின்று, தோலை உடுத்துகிறார்கள். அதை நாம் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டோம். ஐரோப்பியத் தடையிலும் அவர்கள் சரக்குக்கு விலக்கு உண்டு. ஆனால் விலக்கு ஏட்டளவில் இருக்கிறதே தவிர, தோலுக்கே கெட்ட பேர் வந்துவிட்டபடியால் அவர்களுடைய விற்பனையும் விழுந்து, கஷ்டப்பட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கெட்ட பேர் எதனால் வந்தது? நியூபவுண்ட்லாந்துக் கடலில் லட்சக்கணக்கில் நடந்த வியாபார வேட்டையால் வந்தது. அதை நடத்துகிறவர்கள் இன்யூட்டுகளல்ல. பழங்குடியின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு, அந்தப் பழங்குடியையே சாட்சிக் கூண்டில் ஏற்றி நிறுத்துகிறார்கள். நம் ஊரில் கூட இப்படி உண்டல்லவா? ஆலயப் பிரவேசம் என்று பேச்சு வந்தால், ‘பாவம், பூசாரி ஏழை, அவன் தட்டில் காசு குறைந்துவிடும்’ என்று தர்மகர்த்தா கண்ணீர் விடுவார்.

மூன்றாவது சமாதானம்தான் சிரிப்புக்கு இடமானது. சீல் மீனைத் தின்றுவிடுகிறதாம்! அந்தக் கடலில் காட் என்ற மீன் அள்ள அள்ளக் குறையாமல் இருந்தது. 1992-ல் அது அடியோடு அற்றுப்போய், மீன்பிடிப்பையே சர்க்கார் நிறுத்தி வைத்தது. 30,000 பேருக்கு வேலை போயிற்று. மீன் ஏன் அற்றுப்போயிற்று? தொழிற்சாலை போன்ற கப்பல்கள் வந்து பெரிய வலை போட்டுக் கடலை வழித்தன. சர்க்கார் தப்புக் கணக்குப் போட்டு இன்னும் பிடி, இன்னும் பிடி என்று அனுமதி கொடுத்தது. சீல் எத்தனையோ ஆயிரம் வருஷமாக அதே கடலில் அதே மீனைத் தின்றுகொண்டுதான் இருந்தது. அப்போதெல்லாம் மீன் குறையவில்லை. வழித்தவன் வலையை விட்டுவிட்டுச் சீலின் வாயைக் குற்றம் சொல்லுவது, ஊரில் வாந்திபேதி வந்தால் சாக்கடையை விட்டுவிட்டு மாரியம்மன் கோபம் என்பதற்கும், பயிர் காய்ந்தால் எதிரே வந்த விதவையைத் திட்டுவதற்கும் சமமே தவிர வேறில்லை. இங்கிலீஷ் படித்தவன் சொன்னால் மூடநம்பிக்கை அறிவாகிவிடுமா?

மூடநம்பிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. தோல் விலைபோகாத 1990-களில் இந்த வேட்டைக்கு ஒரு புதுச் சந்தை கிடைத்தது. ஆண் சீலின் குறியை வெட்டிக் காயவைத்து, ஆண்மை பெருகும் மருந்து என்று கிழக்கு ஆசியாவில் விற்றார்கள். இதைக் கேட்டு நாம் சிரிக்க வேண்டியதில்லை. நம் மேகமலைக் கருங்குரங்கின் கதை என்ன? அதன் இறைச்சியைத் தின்றால் இளைப்பு நோய் போகும், இரத்தத்தைக் குடித்தால் பலம் வரும், லேகியம் கிண்டினால் கிழவன் குமரனாவான் என்று சொல்லிச் சொல்லி, நீலகிரி முதல் தென்கோடி வரை அந்தப் பிராணியைச் சுட்டுத் தீர்த்தார்களே. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வந்து தடுத்ததால் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. குரங்கைத் தின்று இளைப்பு தீர்ந்தவன் ஒருவனையும் நாம் கண்டதில்லை. லேகியம் விற்று வீடு கட்டியவன் உண்டு.

இனி நம் வருசநாட்டுக்கு வருவோம். வெள்ளைக்கார சர்க்கார் காலத்தில் புலியைக் கொன்றால் சன்மானம், சிறுத்தையைக் கொன்றால் சன்மானம். 1875 முதல் 1925 வரை ஐம்பது வருஷத்தில் இந்தியாவில் 80,000 புலிகளுக்கு மேல் கொல்லப்பட்டதாகச் சரித்திர ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் யானையைக் கொல்லவும் சன்மானம் கொடுத்துவிட்டு, அப்புறம் 1873-ல் யானைப் பாதுகாப்புச் சட்டம் செய்தார்கள். கொல்லச் சொன்னதும் சர்க்கார் பணம். கொன்றபின் காக்கச் சொல்லுவதும் சர்க்கார் பணம். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் ஏற்பட்டது. காடு நிற்கட்டும், புலி பிழைக்கட்டும். மூல வைகையில் தண்ணீர் வரவேண்டுமானால் மேலே காடு இருந்தாக வேண்டும் என்பது நமக்கும் தெரியும். ஆனால் 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடு முழுவதிலும் மாடு மேய்ப்பதைத் தடுத்து, அதே மாதத்தில் அதைத் திருத்தி, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவோடு நிறுத்தியபோது, யார் தலையில் அது விழுந்தது? மலைமாடு வைத்திருக்கிறவன் தலையில் விழுந்தது. மேய்ச்சல் உரிமை 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்று அவன் சொன்னால், மனுப்போடு, விசாரிப்போம் என்கிறார்கள். தேன் எடுக்கப் போகிற பளியனுக்கும் அதே பதில்தான்.

அதாவது, உண்மையிலேயே ஏழைக்குப் பிழைப்பு என்று ஒன்று இருந்தால் சர்க்காருக்குச் சட்டம் ஞாபகம் வருகிறது. பணக்காரனுக்குப் பிழைப்பு என்று ஒன்று வந்தால் சர்க்காருக்கு ஏழை ஞாபகம் வருகிறான்! கனடாவிலும் இதுதான், கொச்சியிலும் இதுதான், கடமலைக்குண்டிலும் இதுதான்.

கனடா மீனவன் மேல் சர்க்காருக்கு மெய்யாகவே அக்கறை இருந்தால் வழி இல்லாமலில்லை. சீல் வேட்டை அவனுக்கு வருஷத்தில் சில வார வேலை. வேட்டை லைசென்சுகளைச் சர்க்காரே விலை கொடுத்து வாங்கிக்கொண்டு, பணத்தை நேரே அவன் கையில் கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கு மாத்திரம் காது கேட்கவில்லை. ஏனென்றால் மீனவன் கைக்கு நேரே போகிற பணம் தோல் கம்பெனியின் கிடங்கு வழியாகப் போகாது. நமீபியா தேசத்திலும் வருஷா வருஷம் பத்தாயிரக் கணக்கில் சீல் குட்டிகளைக் கொல்ல அந்த சர்க்கார் அனுமதி கொடுக்கிறது. அங்கும் உரிமம் வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், தடி எடுத்து அடிக்கிறவர்கள் தினக்கூலிகள்.

தோழர்களே! இனிமேல் நம் ஊர்ப் பக்கம் ஒரு மந்திரியோ, உத்தியோகஸ்தரோ வந்து, இன்ன பிராணியைப் பிடித்து இன்ன நாட்டுக்கு அனுப்புகிற தொழிலுக்குச் சர்க்கார் உதவி செய்கிறது, எல்லாம் ஏழைகளின் ஜீவனத்துக்காக என்று மேடையில் பேசினால், மாலை போட்டுவிட்டுச் சும்மா வந்துவிடாதீர்கள். கூட்டத்தில் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். மானியம் எத்தனை ரூபாய்? அதில் இருட்டில் வரப்பில் நடக்கிறவன் கைக்கு வருவது எத்தனை ரூபாய்? பிடித்துக் கொண்டுபோன பிராணி இதுவரை நமக்குச் செய்துவந்த வேலையை, அது போனபிறகு யார் செய்வது, அந்தக் கூலியை யார் கொடுப்பது? பதிலை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.